ஆறுக்கு முப்பத்தேழு

டயர்களை வாங்கியது நான்தான்.
விருதுநகர் ஏலத்தில் சல்லிசாக வந்தன,
ஆறு சக்கரத்துக்கும் ஆயிரம் இருபது.
தொள்ளாயிரத்தில் ஓடிய வண்டிக்கு ஒரு சைஸ் கூட.
கூடினால் நல்லதுதானே என்றிருந்தேன்,
வளர்கிற பிள்ளைக்குச் செருப்பு எடுப்பதுபோல.

மறுவாரமே நோட்டு முரண்டு பிடித்தது.
அதே கம்பம், அதே சிமெண்ட்,
திரும்பும்போது அதே தேங்காய்.
போக வர இருநூற்று முப்பது காட்டிய மீட்டர்
இருநூற்று இருபத்திரண்டில் நின்றது.
டீசல் மட்டும் குறையவில்லை.
லிட்டருக்கு நாலு என்று வகுத்தேன்.
நடைக்கு இரண்டு லிட்டர் துண்டு விழுந்தது.

கம்பம் எட்டு கிலோமீட்டர் கிட்டே வந்துவிட்டதா
என்று எனக்குத் தோன்றவில்லை.
டீசல் விற்கிறாயா என்றும் ஒச்சாண்டியிடம் கேட்கவில்லை.
கேட்பதைவிட மோசமாக
பேட்டாவில் கழித்தேன்.

ஆண்டிபட்டிக் கணவாயில் இழுக்க மாட்டேங்குதுக்கா,
மூணுல ஏறுனது இப்ப ரெண்டுல மூச்சு வாங்குது
என்று மட்டும் சொன்னான்.
அதையும் சாக்குக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

செக்கானூரணியில் ஜெய்லானி பட்டறை.
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு
ஒரு சாக்பீஸ் எடுத்தான்.
டயரில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு.
ஒரே சுற்று உருட்டச் சொன்னான்.
பட்டறைக்குப் பின்னால் கொளுஞ்சி முளைத்துக் கிடந்த
யாருடையதோ பழைய தொள்ளாயிரத்தையும் உருட்டினான்.
டேப்பைப் பிடித்தவள் நான்.

பதினோரு சென்டிமீட்டர்.
என் கையில் ஆறு விரற்கடை.

மீட்டர் சக்கரத்தைப் பார்த்ததே இல்லைங்க என்றான் ஜெய்லானி.
அது கியர் பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து
தண்டு சுற்றுவதை எண்ணுகிற குருட்டுக் கணக்கப்பிள்ளை.
கம்பம் போய்வர எழுபதாயிரம் சுற்று,
சுற்றுக்கு ஆறு விரற்கடை,
அத்தனையும் ரோட்டிலேயே கிடக்கிறது,
நாகமலை ஓரமாக,
எழுதப்படாமல்.

ஹவுசிங்கைத் திறந்தான்.
கருத்த ஆயில் வழிய வழிய
கிரவுன் சக்கரம் பல்லைக் காட்டியது.
உள்ளே இருப்பது ஏழுக்கு நாற்பத்தொன்று.
இந்த டயரோடு நாலுவழிச் சாலையில்
தூத்துக்குடிக்கு வழுக்கிக்கொண்டு போகும்,
ஏற்றத்தில் நாக்குத் தள்ளும்.
ஆறுக்கு நாற்பத்தொன்று போட்டால்
கணவாயை நெற்றியால் முட்டி ஏறும்,
சமதளத்தில் கத்திக் கத்தியே டீசல் குடிக்கும்.

ஏத்தம் எவ்வளவு, சமதளம் எவ்வளவு?
அதைச் சொல்லுங்க, பல்லை நான் சொல்றேன்.

எட்டு வருடக் கணக்கு என் பையில் இருந்தது.
டோல், கிரீஸ், ஆயுதபூஜைப் பூசணிக்காய் வரைக்கும்.
இது இல்லை.

ஒச்சாண்டிதான் சொன்னான், என்னைப் பார்க்காமல்:
ஏத்தம் மூணு மைலுதாண்ணே.
ஆனா அந்த மூணு மைலுலதான் வண்டின்னா என்னன்னு தெரியும்.

சிம்மக்கல் பழைய சாமான் கடையில் கிடைத்தது
ஆறுக்கு முப்பத்தேழு.
கிரவுனும் பினியனும் ஒன்றாக அரைபட்ட ஜோடி,
இரண்டிலும் ஒரே எண் கொத்தியிருந்தது.
பல்லுக்குச் செந்தூர மை தடவி,
சுற்றி, துடைத்து, தகடு வைத்து, மறுபடி தடவி
மை நடுப்பல்லில் விழும்வரை
சாயங்காலம் ஆகிவிட்டது.

முதல் நடையில் கணவாய் மூன்றாம் கியரில் ஏறியது.
மீட்டர் இருநூற்று முப்பத்துநான்கு காட்டியது.
இப்போது நாலு கூட.
ஒரு லிட்டர் ஒச்சாண்டி பக்கம்.
மீட்டர் பல்லையும் மாத்திரலாம்,
ஐந்நூறு ரூபாய் வேலை என்றான் ஜெய்லானி.
கிடக்கட்டும் என்றேன்.

பழைய பாக்கி முப்பத்தொரு நடை,
அறுபத்திரண்டு லிட்டர்.
காசாகவே கொடுத்தேன்.
கேபின் படியில் உட்கார்ந்து
என் முன்னாலேயே எண்ணினான்.
முடித்துவிட்டு
முதலிலிருந்து மறுபடி எண்ணினான்.
நான் நின்றுகொண்டிருந்தேன்.