கூலிங்குக்குப் பத்து ரூபாய்

இரண்டு வருஷம் முந்தைய புயலில்
கல்மண்டபம் பக்கம் விழுந்த மாமரம் அது.
மாநகராட்சி லாரி வருவதற்குள்
எபநேசர் நாலு கிளையை ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டான்.
தண்ணீர்த்தொட்டிக்கு அடியில்
பல்லிகளுக்குக் குடக்கூலி விட்டுக் காய்ந்தது.

இன்று அதைத்தான் எரிக்கிறோம்.
எரிக்கிறோம் என்று சொல்லக்கூடாது;
தூங்கவும் விடாமல் எழவும் விடாமல்
காலை ஏழிலிருந்து புகையவைக்கிறோம்.
டீசல் டிரம்மை நெடுக்கே பிளந்து
கீல் வைத்துப் பற்றவைத்த அடுப்பு.
ஹார்பரில் வெல்டராக இருந்து
வேறென்ன பிரயோஜனம் என்கிறான்.

உள்ளே மாட்டு நெஞ்சுக்கறி.
"குழம்புக்கா?" என்றார் காதர் பாட்சா.
"இல்ல, பத்து மணிநேரத்துக்கு."
கத்தியைத் துடைத்துக்கொண்டே ஒருமுறை பார்த்தார்,
கொழுப்பை அப்படியே விட்டு வெட்டினார்.
கடைசி ஒரு மணிநேரத்துக்கு மட்டும்
அதன் காலடியில் ஆறு சங்கரா.
உப்பு, மஞ்சள், வேறெதுவும் இல்லை.

எந்தக் கறிக்கு எந்த பீர் என்று
அறிந்து சொல்பவர்கள் இருக்கிறார்கள்.
புகைக்குக் கறுப்பு
கொழுப்புக்குக் கசப்பு
மீனுக்குக் கோதுமை.
எங்கள் தெருமுனைக் கம்பிவலைக்குள்
அவர்கள் கைவிட்டுப் பார்த்ததில்லை.

நான் போனால் வரிசை விலகும்.
மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம்,
பள்ளிக்கூடத்துக்குள் மாடு நுழைந்தால்
விலகுவார்களே, அப்படி.
"கசப்பா ஏதாவது இருக்கா?"
"ஸ்ட்ராங் இருக்கு."
"வேற?"
"கூலிங் இல்லாத ஸ்ட்ராங் இருக்கு."

ஆகவே இந்த ஊரில்
பீர்தான் கறியைப் பார்த்து முடிவு செய்யும்,
கறிக்கு அந்த உரிமை கிடையாது.
ஸ்ட்ராங்கின் அடியில் ஓர் அசட்டு இனிப்பு உண்டு;
கல்யாண வீட்டில் யாரென்றே தெரியாத சித்தப்பாவாகத்
தோளில் கை போடும்.
அந்தக் கையை எடுக்கத்தான்
மிளகை இரண்டு பங்காக்கி அப்பினேன்,
புளிச்சக்கீரையை வரமிளகாயோடு அம்மியில் வைத்தேன்.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.

நாலரைக்குக் கரண்ட் போனது.
ஆறு பாட்டிலும்
காய்ச்சல்காரன் நெற்றிச் சூட்டுக்கு வந்தபோது
பகல் டியூட்டி முடிந்து வந்த ஜெசிந்தா
நர்ஸ் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு
வாளியோடு காசிமேட்டுக்குப் போனாள்.
விசைப்படகுக்கு நொறுக்குகிற ஐஸ், அரைப் பாளம்.
படியெல்லாம் சொட்டிக்கொண்டு ஏறி வந்தாள்.
பின்னாலேயே இரண்டாம் மாடிப் பூனை.

பாட்டிலைத் திறந்து முதல் வாய் குடித்த எபநேசர்
முகத்தைச் சுளித்தான்.
"அய்ய, கவிச்சி."
வாளி முழுக்கக் கடல் நாறியது,
கண்ணாடி கழுத்துவரை செதில் வாசனை.

துடைத்துப் பார்த்தோம், போகவில்லை.
சும்மா ஒரு சங்கராவின் தோலை உரித்து
விரலோடு வாயில் வைத்து
மேலே ஒரு மடக்கு விட்டேன்.

கொஞ்ச நேரம் நான் யாரோடும் பேசவில்லை.

மாம்புகை, உப்பு,
ஐஸில் ஒட்டிவந்த கவிச்சி,
அந்தச் சித்தப்பாவின் இனிப்புகூட
ஒரே பலகையில் நெருங்கி உட்கார்ந்துகொண்டன.
நான் கூட்டிய கணக்கில்
இப்படி ஒரு விடையே இல்லை.
ஆறு மீனும் முள்ளானது.
தலைகள் பூனைக்கு.

நெஞ்சுக்கறி?
நன்றாகத்தான் வந்திருந்தது, நூல் நூலாக.
பதவி உயர்வு தவறிய அதிகாரியாட்டம்
தட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தது.
ஸ்ட்ராங் அதனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.
கடைசியில் அதற்குப் பொருந்தியது
குடத்துத் தண்ணீர்.

எட்டு மணிக்குக் கரண்ட் வந்து
கீழே ஃப்ரிட்ஜ் முனகத் தொடங்கியது.
எழுந்து போக ஆளில்லை.
ஜெசிந்தா உள்ளங்கையை நீட்டினாள்,
கம்பிவலைக்காரன் குரலில்:
"கூலிங்குக்குப் பத்து ரூபாய்."

நெஞ்சுக்கறியின் கருகிய ஓரத்தை அதில் வைத்தேன்.
கணக்கு தீர்ந்ததா என்று கேட்டேன்.
மென்றுகொண்டிருந்தாள்.