மூடி

கேமரன் லோரி வியாழக்கிழமை பீடோர் வரும்.
பசார் மாலாமில் மண் உதிராத பீட்ரூட்,
கிலோ நாலு வெள்ளி.
அடிபட்டதைக் கடைக்கார ஆன்ட்டி
எனக்கென்று ஒதுக்கி வைத்திருப்பாள்.
அது ரெண்டு வெள்ளி.

தோல் சீவக் கூடாது, கழுவினால் போதும்.
புளிக்க வைக்கிற ஆள்
தோலில்தான் குடியிருக்கிறது.
குழாய்த் தண்ணீர் ஓர் இரவு திறந்து கிடக்கட்டும்,
குளோரின் கிளம்பிப் போகட்டும்.
கல்லுப்பு ஒரு கை.
என் கை. குணசீலன் கையால் அளந்தால் கரிக்கும்,
அது செம்பனைக் குலை தள்ளிய கை.

கடுகைப் பொடித்து
நெஸ்கப்பே போத்தலில் எல்லாவற்றையும் போட்டு
துணி கட்டி வைத்தால்
இந்த ஊர் வெக்கைக்கு
இரண்டாம் நாளே பேச ஆரம்பித்துவிடும்.
குனிந்து முகர்ந்தேன்.
கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழு வருஷம்
இந்த மூக்கால்தான் அவரை முகர்ந்தேன்.
சட்டையை. தலையணையை.
மோட்டார் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியை.
தூங்கும்போது வாயை.
பீர் என்றால் அவரே சொல்லிவிடுவார்.
சம்சுவுக்குத்தான் பொய்.
சம்சு வாடை சுவரில் அடித்த ஆணி,
பிடுங்கினாலும் ஓட்டை நிற்கும்.

போன தைப்பூசத்தோடு விட்டார்.
நாள் எண்ணிக்கொண்டு வருவது நான்தான்.

"இதுல இருக்கா?" என்றார்.
எது என்று நான் கேட்கவில்லை.
"கொஞ்சம் இருக்கும்."
தோசை மாவிலும் இருக்கும் என்று சேர்த்திருக்கலாம்.
சேர்க்கவில்லை.
தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போய்
மோட்டார் செயினுக்கு எண்ணெய் விட்டார்,
காலையில்தான் விட்டிருந்தார்.

மூன்றாம் நாள் வடிகட்டி
ஆரஞ்சுப் போத்தலில் ஊற்றி
இறுக்கி மூடிவிட்டு மதிய ஷிப்டுக்கு ஓடினேன்.
கையுறைத் தொழிற்சாலையில் என் வேலை
காற்று அடைத்து ஓட்டை பார்ப்பது.
ஒரு நாளைக்கு ஆயிரம் கை ஊதுகிறேன்.
அடைத்தது எங்கே போகும் என்று
எனக்கா தெரியாது?

பதினொன்றரைக்கு வேன் இறக்கிவிட்டது.
சமையலறையில் வெளிச்சம்.
கூரைப் பலகையில் சிவப்பு,
காலண்டரில் மயிலின் கழுத்தில் சிவப்பு,
சோற்றுப் பானை மூடியில் சிவப்பு.
நடுவில் அவர்,
கைலியை மடித்துக் கட்டி, மாப்புக் கட்டையோடு.
பக்கத்து வீட்டு ரொஸ்னா ஓடி வந்து
யாரை வெட்டினாய் என்றாளாம்.

வீடு முழுக்கப் புளித்த வாடை.
கண்ணாடித் துண்டைத் தாண்டிக் கிட்டே போனேன்.
பழக்கம், என் மூக்கு அவர் பக்கம் திரும்பிவிட்டது.
அவர் வாயைத் திறந்து
ஹா என்று ஊதினார்,
கேட்காமலே,
சாலைத் தடுப்பில் போலீசுக்கு ஊதுவது போல.

வெறும் வெற்றிலை.

எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை எனக்கு.
வாளியைப் பிடுங்கினேன், விடவில்லை.
காலண்டரை மட்டும் நான் துடைத்தேன்.

இப்போதெல்லாம்
என் மதிய ஷிப்ட் வாரத்தில்
மஃரிப் பாங்கு கேட்டதும்
அவர்தான் மூடியைக் கால் திருப்பு தளர்த்துகிறார்.
அது மூச்சு விட்டு முடிக்கும்வரை
காது கொடுத்துக் கேட்டுவிட்டு
திரும்ப மூடுவாராம்.
குடிப்பதில்லை. அவருக்கு எலுமிச்சையும் உப்பும்.
நான் ஊற்றிக் கொடுப்பதுமில்லை.
நான் அரைத் தம்ளர் குடிக்கும்போது மட்டும்
எதிரே உட்கார்ந்து,
"புளிப்பு சரியா வந்திருக்கா?"

கூரைக்கு அடிக்கச் சாயம் வாங்கி
டின் அப்படியே கிடக்கிறது.

போத்தலில் ஒட்டிய டேப்பில் அவர் எழுத்து:
செவ்வாய், திறந்தாச்சு.
புதன், திறந்தாச்சு.
வியாழன், நிறைய வந்தது.
வெள்ளி, மறந்துட்டேன்.
ராத்திரி ரெண்டு மணிக்கு ஞாபகம் வந்து
பயந்துகிட்டே திறந்தேன். மெதுவா.