ஆறு வீட்டுக்கு ஒண்ணு

கருவம்பாளையம் லைன் வீட்டில்
ஆறு வாசலுக்கு ஒரு கக்கூஸ்.
இன்னிக்குப் பொழுது சாஞ்சதிலிருந்து
விடியக்கால நாலு மணி வரைக்கும்
அது எனக்கு.

கேட்பதற்குத்தான் மூணு நாள் ஆனது.
ஒவ்வொரு வாசலிலும் குடத்தோடு நின்று சொன்னேன்:
"சோதனைங்க. வகுறு காலியா இருக்கோணும்."
அதுக்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை.
மூணாம் வீட்டு ஒடிசாப் பையன்கள் நாலு பேருக்கும்
கையால் காட்டிப் புரியவைத்தேன்.
சிரிக்கவேண்டிய இடம்தான்.
ஒருத்தனும் சிரிக்காமல்
நைட் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எட்டு நாளைக்கொருக்கா வரும் தண்ணி.
ராஜாமணி தன் டிரம்மிலிருந்து
ரண்டு வாளி மொண்டு கதவோரம் வைத்திருக்கிறாள்.
நன்றி சொன்னால் வைவாள். சொல்லவில்லை.

ரண்டு லிட்டரில் கரைத்த பொடி,
கால்மணிக்கு ஒரு டம்ளர்.
எலுமிச்சை என்று எழுதியிருக்கிறது;
நாக்கு நம்பவில்லை.
"போன தடவ சுத்தமாத்தானே இருந்துது" என்கிறார் ஊட்டுக்காரர்,
கவிழ்த்த வாளிமேல் டார்ச்சோடு உட்கார்ந்து.
போன ரோல் சுத்தமென்று
இந்த ரோலைப் பார்க்காமல் மடிப்பார்களா?

இருபத்தாறு வருஷமாய் செக்கிங்கில் இருக்கிறேன்.
கண்ணாடி மேசை, அடியில் டியூப்லைட்,
மேலே ஓடும் துணி.
ஊசி விட்ட கோடு, எண்ணெய்க் கறை, கடுகளவு ஓட்டை,
எல்லாம் கண்ணுக்கு முந்தி
விரல் சொல்லிவிடும்.
பன்னெண்டு தரம் மருந்து ஏற்றியதில்
விரல்நுனி மரத்துப்போனது.
இப்போது ஒரே துணியை ரண்டு தரம் ஓடவிடுகிறேன்.
சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார்.

நாளைக்கு எனக்குள்ளே விளக்குப் போட்டு
இன்னொருத்தர் பார்க்கப்போகிறார்.
மயக்க ஊசிக்கு முன்னால் ஒன்று கேட்கவேண்டும்:
ஏனுங்க டாக்டரு,
சந்தேகம் வந்தா நீங்களும்
ரண்டாந்தரம் ஓட்டிப் பார்ப்பீங்களா?

பதினொண்ணரை. சுவரில் பல்லி.
பை இருந்த இடத்தில் சுருக்கு விழுந்த தழும்பு
குனியும்போதெல்லாம் வாயை மூடிக்கொள்கிறது.
நாலு மாசம் அந்தப் பையோடு இருந்தேன்.
அதோடுதான் பெருமாநல்லூர்க் குண்டம் நோம்பிக்கும் போனேன்.
பக்கத்தில் நின்றவளுக்கு வாடை வந்திருக்கும்.
அவள் நகரவில்லை.
மனசா, நெரிசலில் இடமில்லையா,
இன்னும் தெரியவில்லை.

கரூரிலிருந்து மகள் போன்.
"பயமா இருக்கா?"
"அதுக்கு எங்க கண்ணு நேரம், கக்கூஸ் உடுதா."
வைத்த பிறகு
அஞ்சு நிமிஷம் பயமாக இருந்தது.
பிறகு மறுபடி கூப்பிட்டது வயிறு.

தண்ணிபோல் தெளியோணும் என்று சீட்டில் இருந்தது.
ரண்டு மணிக்குத் தெளிந்தது.
என் ஆயுசில் நொய்யலைக்கூட
இத்தனை தெளிவாய்ப் பார்த்ததில்லை.

மூணேமுக்கால்.
கதவை யாரோ நகத்தால் சுரண்டுகிறார்கள்.
ரண்டாம் வீட்டுக் குட்டிப்பையன்,
டவுசரை இறுக்கிப் பிடித்துக் காலைப் பின்னிக்கொண்டு:
"அத்தை, முடிஞ்சுதா?"
எத்தனை நேரமாய் நின்றானோ.
"வா சாமி, வா."

அஞ்சாம் வீட்டு கௌதமனின் ஆம்னியில்
பீஸ் மூட்டைகளை ஓரம் தள்ளி
எனக்கு ரப்பர் ஷீட் விரித்திருக்கிறது.
பஸ்ஸில் போகமுடியாது என்று
நான் சொல்லவேயில்லை.
சாவி போட்டுக்கொண்டே
ரோட்டைப் பார்த்தபடி சொல்கிறான்:
"தெக்கலூர் பங்குல ஒண்ணு இருக்குதுங்க்கா.
கருமத்தம்பட்டில ரண்டு.
நீலாம்பூர்ல இருக்குது, தாழ்ப்பாள்தான் இல்ல.
நான் வெளிய நின்னுக்கறேன்."