ஒரு வண்டி, ஒரு மூச்சு

முப்பத்தைந்தாம் வாரம்.
என் ஷூ லேஸை நான் பார்த்துப் பதினேழு நாளாயிற்று.
ரங்கதுரைதான் கட்டிவிடுகிறான்,
அரைநைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவன்
கண்ணைத் திறக்காமலே எழுந்து,
இரட்டை முடிச்சு போட்டு
மறுபடி சாய்கிறான்.
ஒரு சைஸ் பெரிதாக வாங்கிய ஷூ
இப்போது சரியாக இருக்கிறது.

கே.ஜி. சாவடியிலிருந்து மேற்கே.
ஆடி மாதம். கணவாய் வாயைத் திறந்து வைத்திருக்கிறது.
நெரிசல் பஸ்ஸில் இடம் பிடிக்கிறவளைப் போல
காற்று என் தோளை இடித்துத் தள்ளுகிறது.
யுனிவர்சிட்டி மைதானத்தில் இருபத்தைந்து சுற்றை
நாற்பது நிமிடத்துக்குள் முடித்த கால்கள்தான்.
இன்றைக்கு ஒரு நாய் முந்திப் போனது.
போய்விட்டு, நின்று,
வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தது.

மல்லிகேஸ்வரி அக்கா குழாயடியில் சொன்னாள்,
"வயித்துல இருக்கறது குலுங்கிப் போயிருமுங்க கண்ணு."
அவள் எட்டாம் மாதத்தில்
சூளையில் தலைக்குப் பன்னிரண்டு கல் சுமந்தவள்.
கேட்டேன்.
"அது வேலையல்லோ?" என்றாள்.

பாலக்காட்டு டாக்டர் ஜெஸ்ஸிமோள்
ஸ்கேனையெல்லாம் புரட்டிவிட்டுச் சொன்னார்:
"ஓடிக்கோ. பட்சே பேசிக்கிட்டே ஓடணும்.
பேச்சு முறிஞ்சா நடக்கணும்.
தலை சுத்தினா, ரத்தம் கண்டா, தண்ணி போனா
அங்கேயே நின்னு என்னைக் கூப்பிடணும்."

ஐந்தரை மணிக்கு யாரிடம் பேசுவது?
செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
லாரிகள் மட்டும் படுத்திருக்கின்றன.
நம்பர் பிளேட்டுகளை வாய்விட்டு வாசிக்கிறேன்.
ஒரு வண்டி, ஒரு மூச்சு.

டி.என். முப்பத்தேழு, நாலு ஏழு ஒண்ணு ரெண்டு.
கே.எல். ஒன்பது, எட்டு எட்டு சைபர் மூணு.
கே.ஏ. ஐம்பத்தொண்ணு,
மீதி சேற்றில்.

நேற்று ஒரு டிரைவர்
பல் துலக்கிக்கொண்டிருந்தவர், பிரஷ்ஷோடு குதித்து ஓடி வந்தார்.
கையில் பேப்பர்கள், பர்மிட், எடைச்சீட்டு.
"ஓவர்லோடு இல்லீங் மேடம். நாமக்கல் முட்டைங்க.
எதுக்குங் நம்பரைக் குறிக்கிறீங்க?"
அப்புறம்தான் என் வயிற்றைப் பார்த்தார்.
எந்த ஸ்குவாடிலும் இப்படி ஒரு ஆபீசர் இருக்க முடியாது.
விஷயத்தைச் சொன்னேன்.
நுரை வழியச் சிரித்தார்.
"முட்டை லோடு பார்த்துங்க,
நாங்களும் மெதுவாத்தான் போவோம்."
எனக்கும் சிரிப்பு வந்தது.
சிரித்தால் இப்போது சிறுநீர் வந்துவிடும்.
பெட்ரோல் பங்கை நோக்கி ஓடினேன்,
இந்த வாரத்தின் மிக வேகமான இருநூறு மீட்டர்.

இன்றும் அந்த வண்டி அதே இடத்தில்.
டி.என். இருபத்தெட்டு, ஒன்பது அஞ்சு —
முறிந்தது.
வயிறு கல்லாக இறுகி
இடுப்புப் பட்டைக்குள் ஒருபக்கமாய்க் கூம்பி நின்றது.
வலி இல்லை. ஆனால் சொல்லும் இல்லை.
நடந்தேன்.
கேபினிலிருந்து குரல் மட்டும் வந்தது,
தூக்கக் கலக்கத்தில்:
"ஆறு நாலுங்க மேடம்."

ஆறு நாலு.
இறுக்கம் விட்டது.
நான் நின்றதும் இது விழித்துக்கொள்கிறது.
ஓடும்வரை தூளியில் கிடப்பதுபோலத் தூங்கிவிட்டு
நிறுத்தினால் விலாவில் உதை.
ஏன் நின்றாய் என்றா,
நின்றாயே அப்பாடா என்றா,
பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

திரும்பும்போது காற்று முதுகில்.
மலையாளத்து மழையின் நாலு துளி
எல்லைப் பலகையைத் தாண்டி
என் கழுத்தில் விழுந்தது.
நடந்தே வந்தேன். மூன்று கிலோமீட்டர்.
வண்டிகளை வாசிக்கவில்லை.

வீட்டில் அவன் அசந்து தூங்குகிறான்.
இரட்டை முடிச்சை அவிழ்க்க எனக்கு எட்டாது.
சுவரில் சாய்ந்து
ஷூவைக் கழற்றாமலே
உட்கார்ந்திருக்கிறேன்.