நீர்வீழ்ச்சிப் பதிப்பு

உட்லண்ட்ஸ். புளோக்கின் கீழ்த்தளம்.
சதுரங்கக் கட்டங்கள் தேய்ந்துபோன கல்மேசை.
பத்தரைக்கு மேல் சத்தம் கூடாதென்று
நகரமன்ற அறிவிப்பு நான்கு மொழியில் சொல்கிறது.
நாங்கள் நான்கு மொழியிலும் சண்டை போடுகிறோம்.

ஒரே விளையாட்டு. ஏறக்குறைய ஒரே விதிகள்.
மூன்று பதிப்பு, மூன்று அட்டை.

முதற்பதிப்பு யோகேஸ்வரியுடையது.
பிராஸ் பசா பழைய புத்தகக் கடையில்
ஏழு வெள்ளிக்கு எடுத்தாளாம்.
வரைந்தவருக்கு இன்னும் கைவரவில்லை என்பது
கையைப் பார்த்தாலே தெரியும்:
மந்திரக்காரிக்கு ஆறு விரல்.
நால்வர் ஒரு கிணற்றுப் படிகளில் இறங்குகிறார்கள்,
நாலு முதுகுதான் தெரிகிறது.
புறமுதுகு என்றால் ஓட்டம் என்று படித்தவன் நான்;
இந்த முதுகுகளோ உள்ளே போகின்றன.
கடைசியாய்ப் போவது விளக்குக்காரன்,
ஒரு கால் இன்னும் படத்துக்கு வெளியே.
"அந்தக் கால் என்னுது" என்கிறாள் யோகேஸ்வரி.
"பதினாறு வயசுல அது வழியாத்தான் உள்ளே போனேன்."

ஹரிந்தருக்கு அது பிள்ளைக் கிறுக்கல்.
அவன் கட்சி இரண்டாம் பதிப்பு:
தைலவண்ணம், மலையளவு டிராகன்,
ஒவ்வொரு செதிலிலும் ஒரு குட்டிச் சூரியன்.
வீரர்கள் எல்லோரும் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள்.
"டிராகன் பின்னால இருக்கு,
யாராவது அவங்ககிட்ட சொல்லுங்களேன்"
என்கிறாள் ஃபைருஸா.
கல்யாண மேடையில் போட்டோக்காரர்
'இங்கே பாருங்க' என்றதும் திரும்பிய முகங்கள்.
ஒரு பூட்ஸிலும் சேறில்லை.
ஹரிந்தர் விடவில்லை.
"அந்த இறக்கையில ஓடுற நரம்பைப் பாரு.
அதுக்கே ஒருத்தர் ஒரு மாசம் உட்கார்ந்திருப்பாரு.
சேறு வேணும்னா லிம் சூ காங் போ."

ஃபைருஸாவின் மூன்றாம் பதிப்பில் படமே இல்லை.
கறுப்புத் துணியட்டை,
நடுவே பொன்னில் ஒரு சாவித்துவாரம்.
எம்ஆர்டியில் மடியில் வைத்துக்கொண்டால்
கணக்கியல் பாடம் என்று விட்டுவிடுவார்கள்.
"வீட்டுப் பத்திரம் மாதிரி இருக்கு."
"இருக்கட்டும். நான் நினைக்கிற டிராகனை
இன்னொருத்தர் வரைஞ்சு ஏன் கெடுக்கணும்?"
இதற்கு மட்டும் யாரிடமும் பதிலில்லை.
கொஞ்ச நேரம் கச்சாங் பூத்தே கொறித்தோம்.

செங் யாவ் அதுவரை வாய் திறக்கவில்லை.
பையிலிருந்து தன் புத்தகத்தை எடுத்து வைத்தான்.
அட்டையில் ஒரு நீர்வீழ்ச்சி.

இது எந்தப் பதிப்பு?

தேசிய சேவையில், முகாம் கட்டிலில்,
சார்ஜண்ட் கண்ணில் படாதிருக்க
மாமாவின் மருந்துக்கடை நாட்காட்டியைக் கிழித்து
அட்டை போட்டானாம். மே மாதத் தாள்.
ஓரத்தில் பாதி இருமல் மருந்து விளம்பரம்,
அதன் கீழ் ஒரு தொலைபேசி எண்.
பதினோரு வருடம்.
"அடியில என்ன படம்?"
"மறந்துட்டேன் லா."
ஹரிந்தர் நகத்தால் செலோடேப்பை நெம்பினான்.
செங் யாவ் அவன் கையை எடுத்துவிட்டான்,
மெதுவாக, ஆனால் எடுத்துவிட்டான்.
"எனக்கு இந்த விளையாட்டுன்னா
தண்ணிச் சத்தம்தான்."

மணி பத்து இருபது.
கதை சொல்வது என் பொறுப்பு.
மூன்று வாரமாய் நான் கட்டிய கோட்டை,
மதிலின் உயரம், காவலர் பெயர், சம்பளம்கூட
நோட்டில் இருந்தது.
நோட்டை மூடினேன்.

"காடு முடிகிறது" என்றேன்.
"எதிரே ஒரு நீர்வீழ்ச்சி.
ஓரத்துப் பாறையில் எட்டு எண்கள்
யாரோ செதுக்கியவை.
தண்ணீருக்குப் பின்னால்
ஒரு கதவு இருக்கலாம்."

ஹரிந்தர் பகடையைத் தேடினான்.
யோகேஸ்வரி கேட்டாள்: விளக்கு யார்கிட்ட?
மேலே ஏதோ ஒரு மாடியில்
யாரோ குழாயைத் திறந்தார்கள்.
எங்கள் பக்கத்துத் தூணுக்குள்
தண்ணீர் இறங்கிப் போனது.