படிவம் 117

படிவத்தில் வலி என்று அச்சடித்திருக்கிறார்கள்.
குருநகரில் அது வேறு நோய்,
நுரை தள்ளி விழுகிறவனுக்கு வருவது.
படலையில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே
சொல்லை மாற்றிக்கொள்கிறேன்:
"எவ்வளவு நோகுது அண்ணை?
சைபருக்கும் பத்துக்கும் இடையில
ஒரு இலக்கம் சொல்லுங்கோ."

எட்டு என்றார் மரியசீலன்.
கொஞ்சம் பொறுத்து,
"வாடைக் காத்துக்கு ஒன்பது."

அதற்கு முன்னால் சம்மதப் பத்திரம்.
ஒரு எழுத்தும் விடாமல் வாசிக்கவேண்டும்:
இது பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு,
உங்கள் பெயர் எங்கும் வராது,
இதனால் உங்களுக்கு நேரடிப் பயன்
எதுவும் கிடைக்காமல் போகலாம்.
அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.
"இவ்வளவு உண்மையோட
ஒருத்தரும் இந்தப் படலைக்குள்ள வந்ததில்லை, பிள்ளை."

அடுத்த பக்கத்தில் ஒரு மனிதப் படம்,
முகமில்லாதது, கைகளை விரித்து நிற்பது.
நோகிற இடத்தில் புள்ளடி போடவேண்டும்.
பேனையை வாங்கி
வலது பெருவிரலில் போட்டார்.
முழங்காலுக்குக் கீழே அவருக்கு இல்லாத வலது.
"இந்தப் பேப்பரில மட்டும்தான்
என்ர கால் முழுசா நிக்குது."

விரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகுமாம்,
நகத்துக்குள் ஊசி ஏற்றுமாம்,
பதினாறு வருடமாக.
உளைவு, எரிவு, கடுப்பு, விறைப்பு.
எனக்கு இருப்பது ஒரே ஒரு கோடிட்ட இடம்.

கேள்வி இருபத்துமூன்று:
கடந்த முப்பது நாட்களில்
வைத்தியர் சொன்னதைவிடக் கூடுதலாக
மாத்திரை எடுத்தீர்களா?
"வைத்தியர் சொன்னதைவிடக் கூடுதலா நொந்தது."
ஆம் என்பதில் சரி போட்டேன்.

கேள்வி முப்பத்தொன்று:
உங்கள் மாத்திரையை
வேறு யாராவது எடுத்ததுண்டா?

குசினியில் மீன் பொரிகிற சத்தம்.
"இல்லை" என்றார் றெஜீனா அக்கா,
கேள்வி அவருக்கானதல்ல.
சுவரில் மாதாவின் கண்ணாடிக்கூடு.
மாதாவின் காலடியில் ட்ரமடோல் அட்டைகள்.
கூட்டுக்குப் பித்தளைப் பூட்டு.
திறப்பு அக்காவின் தாலிக்கொடியில்.
பின் அறைச் சீலைக்குக் கீழே
இரண்டு வெறுங்கால்கள்
அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றன.

மாலை, மருத்துவ பீடத்தின் மேல்மாடி.
இல்லை என்றால் சைபர்.
சைபரைத் தட்டினேன்.
கணினி மறுப்பேதும் சொல்லவில்லை.
குறிப்புக்கென்று ஒரு பெட்டி உண்டு,
எண்பது எழுத்து கொள்ளும்.
பூட்டு என்று தட்டி, அழித்து,
மறுபடி தட்டி,
மின்சாரம் போய்விட்டது.

ஆறு கிழமைக்குப் பிறகு
ஆய்வின் இரண்டாம் பகுதி.
கஸ்தூரியார் வீதியில் அளந்து வெட்டிய நிலைக்கண்ணாடி,
போர்வையில் சுற்றி ஓட்டோவில் ஏற்றி,
பள்ளம் பள்ளமாய் என் மடியில் பிடித்துவந்தேன்.
கால்களுக்கு நடுவே அதை நிறுத்தவேண்டும்.
இடதை அசைத்தால்
இல்லாத வலது அசைவதுபோலத் தெரியும்.
மூளை நம்பினால் கொஞ்சம் குறையலாம்.
நம்பாமலும் விடலாம்.
அதுவும் பத்திரத்தில் இருக்கிறது.

சுவரில் சாய்த்தால் வழுக்கியது.
"பிடிக்க ஆள் வேணும்" என்றேன்.
சீலை விலகி அவன் வந்தான்,
டெறிக், பத்தொன்பது வயது,
வெக்கையிலும் நீளக்கைச் சேட்.

மரியசீலன் விரல்களை விரித்தார்.
கண்ணாடிக்குள் பெருவிரல்
மற்ற விரலை விட்டு இறங்கியது.
அவர் வாயைத் திறந்தபடி
அதையே பார்த்தார்.
"பிள்ளை, ஏழு.
ஏழரைக்கு இடமில்லையோ? அப்ப ஏழு."

அப்போதுதான் கண்டேன்,
கண்ணாடிக்குள் கால் நடுங்குகிறது,
வெளியில் கால் நடுங்கவில்லை.
சட்டத்தின் விளிம்பில்
டெறிக்கின் பத்து விரல்களும் வெளிறி,
மூக்கு ஒழுக, கொட்டாவி கொட்டாவியாய்,
ஆனாலும் விடாமல்
தகப்பனின் காலைப் பிடித்திருந்தான்.
அவன் பக்கம் கண்ணாடியில்
செங்கல் நிறப் பூச்சு மட்டும்.

படலைவரை வந்தான்.
"அக்கா, உங்கட கணக்கெடுப்பில
காலுள்ள ஆக்களைச் சேர்ப்பியளோ?"

ஸ்கூட்டியின் இருக்கையைத் தூக்கினேன்.
கடைசியாய் ஒரு வெற்றுப் படிவம்,
மழை பட்டு ஓரம் சுருண்டது.
"சைபருக்கும் பத்துக்கும் இடையில" என்று தொடங்கினேன்.
அவன் அம்மாவின் பக்கம்
ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.