எண்ணூறு மில்லி

ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி என்றார் மிஸ்ஸி.
கஞ்சியும் அதில் சேர்த்தி,
மாத்திரைக்கு விழுங்குகிற வாய்த் தண்ணீரும்
ரசமும் தர்பூசணியும்.
"குளிக்கிற தண்ணிய மட்டும் விட்டுட்டேன், அண்ணே"
என்று சிரிக்கவும் செய்தார்.

விடியுமுன் அளந்து வைக்கிறேன்
பழைய சிராப் போத்தலில்.
மகள் விட்டுப்போன நகப்பூச்சால் மூன்று கோடு:
காலை, மத்தியானம், இரவு.
பதினொரு மணிக்கே
மத்தியானக் கோட்டைத் தாண்டிவிடுகிறது வெயில்.

கோலா கெட்டிலில் மழை பெய்து நாற்பத்தோரு நாள்.
எங்கள் வரிசைக்குப் பின்னால் பால்மரங்கள்
இலையெல்லாம் கொட்டி
நிழல் தருகிற வேலைக்கு லீவு போட்டு நிற்கின்றன.
பள்ளிக்கூடத்துக்கும் லீவு.
முப்பத்தொன்பது டிகிரி என்கிறது வானொலி,
சொன்ன கையோடு ஒரு காதல் பாட்டைப் போடுகிறது.

மேசைக் காற்றாடி இந்தப் பக்கம் திரும்பினால்
அவர் சட்டை அசையும்,
அந்தப் பக்கம் போனால் காலண்டர்.
இரண்டுக்கும் நடுவில்
அவர் நாக்கு உதட்டைத் தேடும்.
நான் துணி மடிப்பேன்.
ஏற்கெனவே மடித்ததை உதறி
மறுபடியும் மடிப்பேன்.

பேர் சன்னாசி.
சிகரெட்டை விட்டார், லோரி ஓட்டுவதை விட்டார்,
உப்பை விட்டார், கோபத்தைக்கூட
பாதி விட்டார்.
தாகம்தான் பேரைக் கேட்டு அடங்குவதாயில்லை.

ஊசி ஏற்றுகிற இடது கையில்
நரம்பைப் புடைக்க வைத்திருக்கிறார்கள்.
அவர் தூங்கியபின் அதில் காது வைப்பேன்.
மதகு திறந்த வாய்க்கால் மாதிரி
உள்ளே சளசளவென்று ஓடுகிறது.
இந்த வீட்டில் இப்போது
தண்ணீர்ச் சத்தம் கேட்கிற ஒரே இடம்.

நான் குடிப்பது வீட்டுக்குப் பின்னால்,
வாஷிங் மெஷின் மறைவில்.
டம்ளர் இடிபடாமல்,
தொண்டை சத்தம் போடாமல்.
இருபத்தாறு வருசத்தில் அவருக்குத் தெரியாமல்
நான் செய்கிற முதல் காரியம்.
முதல் என்பது பொய்.
கூட்டுச் சீட்டுப் பணம் ஒன்று இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை குழாயும் நின்றது.
ரோட்டில் வாளிகள் வரிசை பிடித்தன,
ஆட்கள் சுவர் நிழலில் ஒண்டினோம்.
தண்ணி லோரி போனபின்
காக் ரொஸ்னா தன் பங்கிலிருந்து ஒரு வாளியை
எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தாள்.
நோயாளி இருக்கிற வீடு,
நிறையக் குடிக்கக் கொடு என்றாள்.
தெரிமா காசே என்றேன். வேறென்ன சொல்ல.
அவளுக்கு நோன்பு, உதடெல்லாம் வெள்ளை.
ஏழரைக்குப் பாங்கு சொன்னதும் குடிப்பாள்.
அவருக்குச் சொல்ல
எந்தப் பள்ளிவாசலிலும் பாங்கு இல்லை.

நேற்று ராத்திரி இரண்டு மணி.
பக்கத்தில் மெத்தை காலி.
அடுப்படியில் மஞ்சள் வெளிச்சம்.
ஐஸ் பெட்டியைத் திறந்துவைத்து
முக்காலி போட்டு, கோயிலில் உட்கார்வதுபோல
உட்கார்ந்திருந்தார்.
கையோடு பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
கையில் ஒன்றுமில்லை.
போத்தலின் அடியில் இரண்டு விரல் தண்ணீர்
அப்படியே மீதி.

"சும்மா காத்து வாங்குறேன்."
"கரண்டு பில்லு யாரு வாங்குறது?"
அவர் கதவை மூடவில்லை.
"மெஷினுக்குப் பின்னாடி நின்னு
திருட்டுப் பூனையாட்டம் குடிக்கிறியே,
பொரை ஏறிச் சாகப்போற.
இங்கயே குடி.
நான் பாக்கணும்."

ஒரு டம்ளர் முழுக்க, நின்றபடியே குடித்தேன்.
என் தொண்டையோடு அவர் தொண்டையும்
ஏறி இறங்கியது.
கடைசி மடக்கில்
"ஆ" என்றது அவர்தான்.

இன்று சுங்கைப் பட்டாணியில் எடை பார்த்தார்கள்.
இரண்டு கிலோ எண்ணூறு கூட.
மிஸ்ஸி முள்ளைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்,
என்னை முறைத்தார்.
அவர் செருப்பை மாட்டிக்கொண்டே
என்னைக் கைகாட்டிச் சொன்னார்:
"அது இவ குடிச்சது, மிஸ்ஸி."